பாலிசியில் இரண்டாவது பெயர்

டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் எங்கள் காரும் அதன் இன்ஷூரன்ஸ் பாலிசியும் என் மனைவியின் பெயரில் இருந்தன. நர்ஸ் வேலை கிடைத்து முதலில் அமெரிக்கா வந்தவள் அவள்தான். நானும் மகளும் ஒன்றரை வருஷம் நாகர்கோவிலில் இருந்துவிட்டுப் பின்னால் வந்தோம். அதற்குள் அவள் டிரைவிங் கற்று, லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றை வாங்கி, ஃப்ரீவேயில் பெரிய பெரிய டிரக்குகளுக்கு நடுவே ஓட்டவும் பழகியிருந்தாள். ஊரில் இருந்தவரை அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்திய நேரம் போக, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வண்டி எடுக்கிற ஆள் நான்தான்.

ஆஸ்டின் விமான நிலையத்துக்கு எங்களை அழைக்க வந்தாள். பெட்டிகளை ஏற்றிவிட்டுப் பழக்கத்தில் வலது பக்க முன்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. அவள் மறுபக்கம் ஏறி, பெல்ட்டைப் போட்டு, என்னையும் போடச் சொன்னாள். வழியெல்லாம் மகள்தான் பேசிக்கொண்டு வந்தாள். நான் அவள் லேன் மாறுவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நன்றாகவே ஓட்டினாள். அதை அன்றைக்கே அவளிடம் சொல்லவும் செய்தேன்.

அதன் பிறகு என் வாழ்க்கை அவளுடைய ஷிஃப்ட்டைச் சுற்றி நடந்தது. வாரத்தில் மூன்று அல்லது நான்கு இரவுகள் அவளுக்கு ஆஸ்பத்திரி. காலையில் வந்து குளித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். பால் தீர்ந்தாலும், மகளுக்குப் பள்ளியில் ஏதாவது நிகழ்ச்சி என்றாலும், ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போக வேண்டுமென்றாலும் அவள் விழித்திருக்க வேண்டும். சமையல் எனக்கு நன்றாக வந்துவிட்டது. மீன் குழம்பு அவள் வைப்பதைவிட நான் வைப்பது மேல் என்று மகளே சொல்கிறாள். ஆனால் மீன் வாங்கப் போக ஆள் வேண்டுமே. என்னை வேலைக்குக் கூப்பிட ஒரு டியூஷன் சென்டர் தயாராக இருந்தது. அதற்கும் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், தெரியும் என்பதற்குக் கையில் அட்டையும் இருக்க வேண்டும்.

லைசென்ஸ் முதல் தடவை கிடைக்கவில்லை. பாரலல் பார்க்கிங் ஒரே வீச்சில் போட்டேன். ரோட்டில் ஒரு ஸ்டாப் போர்டுக்கு முன்னால்தான் தவறிப்போயிற்று. பரிசோதகர் தாளை என்னிடம் நீட்டி, "நீங்கள் நிற்கவில்லை" என்றார்.

"நின்றேனே சார்."

"மெதுவாகப் போனீர்கள். சக்கரம் நிற்கவில்லை."

வேகம் பூஜ்யம் என்றால் என்ன என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். தாளை வாங்கிக்கொண்டு இறங்கினேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டுக்கு ஓட்டிவந்த மனைவி, ஒவ்வொரு ஸ்டாப் போர்டிலும் காரை முழுதாக நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு எடுத்தாள். எனக்குக் காட்டுவதற்காகத்தான் அப்படிச் செய்கிறாள் என்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவள் எப்போதுமே அப்படித்தான் ஓட்டியிருக்கிறாள்.

இரண்டாவது தடவை பாஸானேன். தற்காலிக லைசென்ஸ் என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். அதை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு காருக்கு வந்தேன். மனைவி வாங்கிப் படித்துப் பார்த்துச் சிரித்தாள். சாவியைக் கேட்டபோது மட்டும் தரவில்லை.

"இன்ஷூரன்ஸ்ல உங்க பேரை சேக்கணும். அதுவரைக்கும் தனியா வண்டியத் தொடக்கூடாது, கேட்டேளா?"

"அதான் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கே?"

"என்கூட வேலை பாக்குற மலையாளி சேச்சி வீட்டுல இப்படித்தான். அண்ணன் வந்து தங்கியிருந்தான், பேர் சேக்கல. போய் ஒரு போஸ்ட்ல இடிச்சான். கம்பெனிக்காரன் ஆயிரம் கேள்வி கேட்டானாம். எனக்கு லீவு அன்னைக்கு நிதானமா கால் பண்ணி ஆட் பண்ணிக்கிடலாம்."

நாங்கள் வந்ததுமே அவள் என்னைப் பற்றிக் கம்பெனிக்குச் சொல்லியிருந்தாள். வீட்டில் கணவர் இருக்கிறார், லைசென்ஸ் இல்லை என்று பதிவாகியிருந்தது. இப்போது அதை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவளுக்கு லீவு வருவதற்குள் மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

செப்டம்பர் மாதம். வெயில் இன்னும் குறையவில்லை. மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பள்ளியின் நர்ஸ் போன் செய்தார். மகளுக்கு உடம்பு கொதிக்கிறது, வந்து அழைத்துப் போங்கள் என்றார். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். ஆனால் நடைபாதை பாதி வழியில் நின்றுவிடும். அந்த வெயிலில் காய்ச்சல் பிள்ளையை எப்படி நடத்திக் கூட்டிவருவது? எங்கள் அப்பார்ட்மெண்டில் மேல் வீட்டில் யாழ்ப்பாணத்து ஆன்டி ஒருவர் இருக்கிறார். அவசரத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவோம். அன்று அவர் மகன் வீட்டுக்கு ஹூஸ்டன் போயிருந்தார். டாக்ஸி கூப்பிடலாம் என்றால், காய்ச்சலில் இருக்கும் பிள்ளையை முன்பின் தெரியாதவர் காரில் ஏற்ற மனம் வரவில்லை.

சாவி கொக்கியில் தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே கார் நின்றது. எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சாவியைக் கையிலும் எடுத்துவிட்டேன். அந்தச் சேச்சியின் அண்ணன் ஞாபகம் வந்தது. மனைவியை எழுப்பவும் மனமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நானே போன் செய்தேன்.

எடுத்தது ஒரு பெண். டெக்சாஸ்காரர்களின் இழுவையான பேச்சு. விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாலிசி உங்கள் மனைவியின் பெயரில் இருக்கிறது சார். அவர் பேச வேண்டும்" என்றார்.

"அவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார்."

"எழுந்ததும் கூப்பிடுங்கள்."

"பள்ளியில் மகளுக்குக் காய்ச்சல். நான் இப்போதே போக வேண்டும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நிமிஷம் எழுப்ப முடியுமா? மற்ற கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன்."

படுக்கையறையில் திரைச்சீலை இழுத்து இருட்டாக இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவள் தோளைத் தொட்டேன். "ஏம்மா, பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்க. இன்ஷூரன்ஸ்ல லைன்ல இருக்காங்க. ஒரு வார்த்தை பேசு."

அவள் கண்ணைத் திறக்காமலே தன் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் தினமும் மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு, அந்த வரிசை அவளுக்குத் தூக்கத்திலும் வரும் போலிருந்தது. கணவரைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டதற்கு, "யெஸ்" என்றாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பிறகு கேள்விகள் எனக்கு. லைசென்ஸ் எண்ணைக் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். விபத்து இல்லை, அபராதம் இல்லை.

"எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள்?"

"பதினாறு வருஷம்."

"அமெரிக்காவில்?"

"போன வாரத்திலிருந்து."

அவர் டைப் செய்யும் சத்தம் கேட்டது. மழைக்காலத்தில் மாஞ்சோலை மலைப் பாதையில் ஓட்டியது, தாம்பரம்வரை ஒரே மூச்சில் ஓட்டிப் போனது எல்லாம் அந்தச் சத்தத்தில் போயிற்று. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை.

"சரி சார். பிரீமியம் மாறுகிறது. அதைப் பாலிசிதாரரிடம் சொல்லி அவர் ஒப்புக்கொண்டால் இந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் ஓட்டலாம். மேடம், கேட்கிறதா?"

மேடம் தூங்கிவிட்டிருந்தாள். மறுபடி தோளைத் தொட்டேன். அவள் ஆங்கிலத்தில், "இதோ வருகிறேன் ஐயா, ஒரு நிமிஷம், நீங்களாக எழுந்திருக்காதீர்கள்" என்றாள். யாரோ ஒரு நோயாளியிடம் சொல்கிறாள்.

போனில் அந்தப் பெண் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அதை நான் சம்மதம் என்று எழுத முடியாது சார்" என்றார்.

தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன். மனைவி எழுந்து உட்கார்ந்து இரண்டு மடக்குக் குடித்தாள். போனில் புதிய தொகையைச் சொன்னார்கள். அவ்வளவுதான், கண் முழுதாகத் திறந்துகொண்டது.

"எதுக்கு இவ்வளவு ஏறுது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பிறகு ஞாபகம் வந்து அதையே போனில் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்கள் கணவர் புது ஓட்டுநர் மேடம்."

"புது ஓட்டுநரா?" அவள் கட்டிலில் கால் மடக்கி நேராக உட்கார்ந்தாள். "பதினாறு வருஷமாக ஓட்டுகிறார். எனக்குப் பிரசவ வலி வந்தபோது, ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், ஆட்டோக்காரர்கள் வர மாட்டேன் என்றார்கள். இவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு குலுக்கல் இல்லை. நான் பின்சீட்டில் படுத்திருந்தேன், எனக்குத்தான் தெரியும். இவரைப் புதுசு என்று சொல்கிறீர்களே."

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த மழை நாளைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு அவள் வலியில் இருந்தாள், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு பிள்ளை பிறந்துவிட்டது. குலுக்கல் இல்லை என்று அவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பெண் பணிவாகச் சொன்னார்: "நான் நம்புகிறேன் மேடம். ஆனால் இந்தத் திரையில் டெக்சாஸ் லைசென்ஸ் தேதி ஒன்றுதான் இருக்கிறது. சில வருஷம் சுத்தமாக ஓட்டினால் குறையும். சம்மதமா?"

என் போனில் பள்ளியிலிருந்து இன்னொரு அழைப்பு வந்து திரையில் மின்னியது. மனைவி அதைப் பார்த்தாள். "யெஸ்" என்றாள். முழுப் பெயரையும் சொல்லி மறுபடி "யெஸ்" என்றாள். என்னிடம், "போங்க, சீக்கிரம் போங்க. டைலெனால் பாத்ரூம் அலமாரியில இருக்கு. வந்ததும் குடுங்க" என்றவள், நான் கதவைச் சாத்துவதற்குள் படுத்துவிட்டாள்.

தனியாக அமெரிக்க ரோட்டில் நான் முதல் தடவை ஓட்டியது அன்றுதான். என்ன நினைத்தேன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இடது பக்கம் போய்விடக் கூடாது என்பது ஒன்றைத்தான் நினைத்தேன்.

பள்ளி அலுவலகத்தில் மகள் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வேர் இஸ் அம்மா?"

"அம்மா தூங்குறா மக்களே. நான் வண்டி கொண்டு வந்திருக்கேன்."

"நீங்களா? தனியாவா?" நாலாம் வகுப்புப் பிள்ளை, காய்ச்சலிலும் குரலைத் தாழ்த்தி, "ஆர் யூ அலவ்ட்?" என்று கேட்டாள்.

"இப்பதான் அலவ் பண்ணினாங்க. வா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின்சீட்டிலிருந்து, "அப்பா, வாந்தி வருது" என்றாள். இண்டிகேட்டர் போட்டு, ஒரு சர்ச்சின் பார்க்கிங்குக்குள் திருப்பி, காரை நிறுத்துவதற்குள் எடுத்துவிட்டாள். சீட்டில், தரையில், அவள் பையில், எல்லாவற்றிலும். வெயிலில் கதவுகளைத் திறந்து வைத்து, இருந்த டிஷ்யூ முழுவதையும் எடுத்துத் துடைத்தேன். அவள் அழுதாள். "பரவால்ல மக்களே, வண்டிதானே, கழுவிக்கிடலாம்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அவளுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்த பிறகு கீழே போய் சோடா உப்பு போட்டுச் சீட்டைத் தேய்த்தேன். நாற்றம் முழுதாகப் போகவில்லை. சாயங்காலம் மனைவி எழுந்து, மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தெர்மாமீட்டர் வைத்து, பரவாயில்லை என்று ஆன பிறகு காலையில் காரில் மறந்துவிட்ட தன் பையை எடுக்கப் போனாள். திரும்பி வரும்போது மூக்கைப் பொத்தியிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே யோசித்தாள்.

"ஏங்க, நான் அந்தப் பொம்பளகிட்ட பிரசவத்தப் பத்தி எதும் பேசினேனா?"

"பேசினே."

"ஐயோ. என்னெல்லாம் சொன்னேன்?"

"ஒரு குலுக்கல் இல்லன்னு சொன்னே."

"அது உண்மைதானே" என்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு யூனிஃபார்ம் தேய்க்கப் போனாள்.

அன்று அவளுக்கு மறுபடி ஷிஃப்ட் இருந்தது. மகளைத் தனியாக விட்டு நான் கொண்டுவிடப் போக முடியாது என்பதால் மனைவியே ஓட்டிக்கொண்டு போனாள். நாலு ஜன்னலையும் திறந்துவைத்துப் போனதாக மறுநாள் சொன்னாள்.

அடுத்த மாதம் நான் டியூஷன் சென்டரில் சேர்ந்தேன். மத்தியானம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு நேரே அங்கே போவேன். நான் வகுப்பு எடுக்கும்போது அவள் கடைசி பெஞ்சில் வீட்டுப்பாடம் செய்வாள். ஆறரைக்கு நாங்கள் வீடு வந்து சேர, மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் காத்திருப்பாள். சில நாள் டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாகிவிடும். அப்போது எங்களுக்குள் சண்டை வரும். அவள் ஏறியதும் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, ரேடியோவை மாற்றி, "காலை எவ்வளவு தூரம் நீட்டித்தான் ஓட்டுவீங்களோ" என்று முணுமுணுத்துக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பாள். நானும் மகளும் நடைபாதையில் நின்று, கார் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு மேலே வருவோம்.