நாலாம் வசனம் இல்லாத பக்கம்

வாஷர் என்று சொன்னால்தான் அந்தச் சபையில் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை மின்சாரக் கட்டண ரசீது மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. எந்தக் குழாயைக் காட்டினாலும், காட்டியவர் வாயை மூடுவதற்குள் “வாஷர் போயிருக்கும்” என்பார். மேல்தொட்டி வழிந்தாலும் வாஷர், கழிவறைக் குழாய் விடாமல் அழுதாலும் வாஷர். ஒருமுறை பாஸ்டர் நடுப் பிரசங்கத்தில் இருமியபோது பின்வரிசையில் யாரோ அதையே முணுமுணுக்க, சபை முழுக்கச் சிரித்தது. முக்கால்வாசி நேரம் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். மீதி நேரம் வீடு நனையும்.

முழங்கால் இரண்டும் காய்ப்பேறிப் போனவர். பாதி, அடுத்தவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டது. மீதி, மகளுக்காக மண்டியிட்டது.

மகளுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது கால்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி ஓய்ந்தபின், வாஷர் யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் குடியேறினார். அங்கே ஒரு குளம். சுற்றிலும் நோயாளிகள். அவ்வப்போது தேவதூதன் இறங்கி வந்து தண்ணீரைக் கலக்குவான், கலங்கியதும் முதலில் இறங்குகிறவனுக்கு எந்த வியாதியும் போய்விடும் என்று நாலாம் வசனம் சொன்னது. குழாய் வேலைக்காரர் ஒருவருக்கு இதைவிடத் தெளிவாகக் கடவுள் எப்படித்தான் சொல்ல முடியும்?

சபையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டியபோது குழாய் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் தண்ணீர் மேலிருந்து விழும்படி வைப்பார்கள். இவர் அடியிலிருந்து பொங்கும்படி வைத்தார். தொட்டி நிறைந்தபின் வால்வை இன்னொரு திருகு திருகினால் தண்ணீர் முழுக்கச் சுழித்துக் கலங்கும்.

“யோவ், இது தூதன் இல்ல, மோட்டாரு” என்றார் கொத்தனார்.

“தூதன் மோட்டார்ல வரக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? உன் சிமெண்டைப் பாரு.”

அதன்பின் அது சபையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஞானஸ்நானம் எடுப்பவர்கள் வெள்ளை உடுப்போடு வரிசையில் நிற்பார்கள். தண்ணீர் கலங்கும். வாஷர் மகளைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் படியிறங்குவார். கண்ணை மூடிக்கொண்டு அவள் கால்களை நனைப்பார். பிறகு தூக்குவார். கால்கள் நனைந்திருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது. ஒருமுறை விருந்தாளி வீட்டுப் பொடியன் ஒருவன் முந்திக்கொண்டு தண்ணீரில் கையை விட்டுவிட்டான். வாஷர் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தொட்டியை அடியோடு காலிசெய்து மறுபடி நிரப்பினார். சபை பசியோடு பாடிக்கொண்டேயிருந்தது. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் குழந்தைகள் கைதட்டிப் பாடும் பாட்டுக்குப் பெரியவர்கள் கைதட்டினார்கள்.

மனைவி சாகக் கிடந்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இவள எப்படிங்க?”

“நடப்பா. அடுத்த தடவை கலங்கும்போது நடந்துருவா. நீ நிம்மதியா இரு.”

அவள் நிம்மதியாகத்தான் போனாள்.

மகள் வளர்ந்து, ஜன்னலோரம் மேசை போட்டுச் செல்போன் பழுது பார்த்தாள். வாயும் கையும் ஒரே வேகம். “டிஸ்ப்ளே போச்சா? எங்கப்பாகிட்ட கேட்டுடாதீங்க, வாஷர் மாத்திருவாரு” என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிப்பதும் அவள்தான்.

அந்த வருஷம் வந்த புதுப் பாஸ்டர் ஒரு புது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார். முதல் ஞாயிறு அவள் அதிலிருந்து வாசித்தாள். யோவான் ஐந்து. குளம் வந்தது, நோயாளிகள் வந்தார்கள். மூன்றாம் வசனம் முடிந்ததும் அவள் குரல் ஒரு நொடி நின்று, ஐந்தாம் வசனத்தில் போய் இறங்கியது.

வாஷர் எழுந்தே விட்டார். “நாலு எங்கம்மா?”

“இதுல இல்லப்பா.”

“இல்லன்னா? கிழிஞ்சிருக்கா?”

சபை சிரித்தது. அவளும் சிரித்திருக்க வேண்டியவள், ஆனால் சிரிக்கவில்லை. “பக்கம் நல்லாத்தான்பா இருக்கு. அடியில சின்ன எழுத்துல போட்டிருக்காங்க.”

ஆராதனை முடிந்து கூட்டம் போட்டார்கள். பாஸ்டர் நல்ல பையன்தான். திட்டுவதற்குக்கூட இடம் கொடுக்காதவர். “அண்ணே, நமக்குக் கிடைச்சிருக்கிற ரொம்பப் பழைய கிரேக்கப் பிரதிகள்ல இந்த வசனம் கிடையாது. ஏன் அங்க ஜனங்க காத்திருந்தாங்கன்னு யாரோ ஓரத்துல விளக்கம் எழுதியிருக்கணும். பின்னால பிரதி எடுத்தவங்க அதையும் உள்ள சேர்த்துட்டாங்கன்னு நினைக்கிறோம்.”

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழைய வேதத்தின் கட்சி. கைத்தடியைத் தட்டினார். “லத்தீன் மொழிபெயர்ப்புல இருக்கு. சிரியாக்லயும் இருக்கு. அவங்கெல்லாம் எதைப் பார்த்து மொழிபெயர்த்தாங்க தம்பி, சுவத்தைப் பார்த்தா?”

“எல்லா லத்தீன்லயும் இல்ல சார். எல்லா சிரியாக்லயும் இல்ல. அவங்க கையில இருந்த பிரதியிலயே ஏற்கெனவே சேர்ந்திருக்கலாமில்ல?”

“இருக்கலாம், இருக்கலாம்! இருக்கலாம்னு வெச்சு வேதத்தை வெட்டுவீங்களா?”

இப்படியே வெயில் ஏறும்வரை போனது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு சிரியாக் என்பது ஊரா ஆளா என்று தெரியாது. ஆனாலும் கட்சி கட்டிக்கொண்டார்கள். வாஷர் மட்டும் ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், முப்பத்தெட்டு வருஷ வியாதிக்காரன் ஒருத்தன் அந்தக் குளத்தோரம் படுத்துக் கெடந்தானே. அது இருக்கா, அதையும் எடுத்துட்டீங்களா?”

“இருக்குண்ணே. தண்ணி கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆள் இல்லைன்னு அவனே சொல்றானே, ஏழாம் வசனத்துல. அதுவும் இருக்கு. அவன் நம்பினது நிஜம். தூதன் வந்தாரான்னுதான்…” பாஸ்டர் நிறுத்திக்கொண்டார்.

“அப்ப அவன் சும்மாவா கெடந்தான்?”

வாத்தியார் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்.

புதியதையே வாசிக்கலாமா, பழையதுக்கே திரும்பலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். வாஷர் பழையதுக்குக் கை தூக்கினார். புதியதுக்கு என்றதும் தூக்கிய கைகளில், முன்வரிசைச் சக்கர நாற்காலியிலிருந்து நேராக உயர்ந்து நின்றது ஒரு கை. அதை எண்ணியவர்கூட வாஷர் பக்கம் திரும்பவில்லை.

அவர் அவளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வாசலில் ஏற்றும்போதுதான் கேட்டார். “ஏம்மா, நீயுமா?”

“திட்டுங்கப்பா. கேட்டுக்கிறேன்.”

“திட்டல. கேக்குறேன்.”

அவள் உள்ளே போய், மேசையில் கிடந்த ஸ்க்ரூ ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டே சொன்னாள். “ஒவ்வொரு தடவையும் தூக்கினதும் நீங்க முதல்ல என் காலைப் பார்ப்பீங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பார்ப்பீங்க. அந்தப் பார்வை தாங்காதுப்பா எனக்கு. தண்ணி கலங்குச்சு, முதல் ஆளா இறங்குனேன், எல்லாம் சரி. அப்ப தப்பு எங்க? நான்தான் சரியா நம்பலன்னு நினைச்சேன். இன்னும் நல்லா நம்பணும், இன்னும் நல்லா நம்பணும்னு… சின்னப் பிள்ளையில இருந்து. இந்தப் பக்கத்தை வாசிக்கக் குடுத்தப்பவே அந்த வசனம் சந்தேகம்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.”

வாஷர் நிலைப்படியில் உட்கார்ந்தார். அவள்மேல் அப்படி ஒரு பாரத்தைத் தன் கையாலேயே ஏற்றி வைத்தோம் என்பது, எந்தக் கசிவையும் ஓசையை வைத்தே கண்டுபிடிக்கிறவருக்கு இத்தனை காலமும் கேட்கவேயில்லை.

“உங்கம்மாகிட்ட சொல்லி அனுப்பிட்டேனேடா” என்றார். “நீ நடப்பேன்னு சொல்லி அனுப்பிட்டேனே.”

அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவர் தலையில் கை வைத்தாள். இருவரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனார்கள்.

அடுத்த ஞானஸ்நான ஞாயிறுக்கு வாஷர் வருவாரா என்று சபை தனக்குள் பேசிக்கொண்டது. வந்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார், நிரப்பினார். வெள்ளை உடுப்புக்காரர்கள் வழக்கம்போல ஒதுங்கி வழி விட்டார்கள். கடைசித் திருகுக்குத் தண்ணீர் சுழித்துக் கலங்கியது.

அவர் திரும்பினார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் என்ன கண்டாளோ, சின்னக் குழந்தை போல, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். நம்பிக்கையால் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அப்பாவுக்காக ஒருமுறை நனைந்துவிட்டு வரலாம் என்று நீட்டிய கைகள் அவை.

அவருக்குத் தோள் வரைக்கும் ஆசை ஏறியது. ஒரு எட்டுகூட வைத்துவிட்டார்.

பிறகு வால்வை மூடினார். வரிசையின் முதலில் நின்ற பேக்கரிக்காரரிடம், “நீங்க இறங்குங்க தம்பி. படி வழுக்கும், பார்த்து” என்றார்.

பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கி இறங்கினார். தண்ணீர் மெல்ல அடங்கியது. மகளின் கைகள் கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றன. பிறகு, அதற்காகத்தான் தூக்கியது போலப் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினாள். வாஷர் அதைப் பார்க்கவில்லை என்பதுபோல, ஈரமில்லாத படி ஒன்றைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.