அயர்ன் மாஸ்டரின் லினக்ஸ் போன்

எங்கள் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். நெடிய ஆள், நீராவி பட்டுப் பட்டு முன்கை இரண்டும் சிவந்திருக்கும். போனை எடுத்தால் முதலில் ஒரு வேஸ்ட் துணியால் அதன் மேலிருக்கும் பஞ்சைத் துடைப்பார். அந்தப் போனில் ஆண்ட்ராய்டை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தை ஏற்றியிருந்தார். அதில் வாட்ஸ்அப் இல்லை. லீவு, ஷிப்ட் எல்லாம் எங்களுக்குக் குரூப்பில்தான் வரும். ஒரு நாள் லீவு என்று தெரியாமல் வந்து, பூட்டிய கேட் முன்னால் டிபன் கேரியரோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு தினமும் சாயந்திரம் சூப்பர்வைசரான என்னைப் போனில் கூப்பிட்டு, "நாளைக்கு வேலை இருக்குங்களா?" என்று கேட்பார்.

"எதுக்குங்க இந்தத் தொல்லை? பழையபடி மாத்திக்கலாமுங்களே" என்றேன்.

"பழைய போன்ல நான் பேசறதை யாரோ கேட்டுட்டே இருக்கற மாதிரி இருந்துச்சுங்க. இதுல நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க."

போன தீபாவளிக்குப் பிறகு அனுப்பர்பாளையத்தில் இருக்கும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஆனாலும் சாயந்திரமானால் கூப்பிடுவார். "சும்மாதானுங்க. போன் வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பார்.

நேற்று இருட்டிய பிறகும் அவர் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். அவர் எடுத்தார்.

"போன் வேலை செய்யுதான்னு பாத்தேனுங்க" என்றேன்.