ரத்தத்தோடு கல்லூரியைச் சுற்றிக் காட்டியவன்

நான் ஐந்தாவதோடு நின்றவன். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்றபோது வாசலில் நின்ற காவலாளியிடம் வழி கேட்கவே எனக்குக் கூச்சம். அங்கே புது ஆட்களுக்குச் சுற்றிக் காட்ட மூன்றாம் வருட மாணவர்களை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு அமைந்தவன் எண்ணூர்ப் பையன்.

மகளுக்கு வேதியியல்மேல் ஆசை. ஆய்வகத்தில் அவள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொன்னான். வெளியே வந்ததும் அவளுக்குப் பசி. கேன்டீன் எங்கே என்று கேட்டேன். அவன் தயங்கினான்.

"அது பஸ் ரூட்டு பசங்க இடம்ணே. நான் ரயில் ரூட்டு, அங்க போவமாட்டேன். பஸ்ல வர்ற பசங்களுக்கும் ரயில்ல வர்ற பசங்களுக்கும் இங்க ஆவாது." பிறகு மகளைப் பார்த்து, "பரவால்ல, நீங்க கெஸ்டு. வாங்க" என்றான்.

டீ வருவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாடா, ரயிலுக்கு இங்க இன்னா வேலை?"

"கெஸ்டு கூட வந்துகீறேன் மச்சி. அப்பால பேசிக்கலாம்."

"இன்னா நைனா, மாப்ள பாக்க வந்தியா?" என்று ஒருவன் என்னிடம் சிரித்தான்.

சிரித்தவன்தான் ஸ்டூலைத் தூக்கி எண்ணூர்ப் பையன் தலையில் அடித்தான். இன்னொருவன் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு கொக்கியால் முகத்தில் வீசினான். புருவம் பிளந்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். நான் நாற்காலியைக் குறுக்கே பிடித்தேன். என் முழங்காலில் ஓர் உதை. மகளின் துப்பட்டாவெல்லாம் ரத்தம். காவலாளியின் விசில் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டார்கள்.

ஓடி வந்த ஆசிரியர் என்னிடம், "வெளி ஆளுங்க. நம்ம பசங்க இப்படிக் கிடையாது" என்றார்.

"என் கிளாசு பசங்கதான் சார்" என்றான், கைக்குட்டையால் புருவத்தை அழுத்தியபடி.

மகள் அவனிடம் கேட்டாள். "பொண்ணுங்களையும் அடிப்பாங்களாண்ணே?"

"அடிக்க மாட்டாங்க. ஆனா இதெல்லாம் பாத்துகினுதான் படிக்கணும்." நூலகம் பாக்கி இருக்கிறது என்று அதையும் காட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"இங்கயே சேருறேன்பா. அவரு ஒண்ணையும் மறைக்கல" என்றாள் மகள்.

"அதனாலதாம்மா வேணாங்கறேன்."

காலடிப்பேட்டையில் வீட்டுக்கு வந்ததும் ரத்தம் பட்ட துப்பட்டாவை அலசப் போனாள்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் சேர்த்தேன். அங்கே சுற்றிக் காட்டிய பெண் சிரித்த முகத்தோடு எல்லாம் நன்றாக இருக்கும் என்றாள். மகள் அவளிடம் எதையும் கேட்கவில்லை.