மலடு என்று சொன்னேன்

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனையில் கறிக்கடை வைத்திருந்தவரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனால், சில வாரம் கொக்கியில் ஒன்றுமே தொங்காது. மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார்.

"இன்னிக்கு ஆடு இல்லம்மா."

"இன்னாண்ணா இப்படிச் சொல்றீங்க? மசாலா அரைச்சி வச்சிட்டு வந்திருக்கேன். வூட்ல விருந்தாளி வேற."

"நல்ல ஆடு கெடைக்கல. கண்டதையும் அறுத்து உங்க தலையில கட்டறதுக்கா நான் கடை வச்சிக்கினு இருக்கேன்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படியானால் கடையை இழுத்துப் பூட்டுங்கள் என்று கத்திவிட்டு வருவேன். என் வாய் அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கடைக்கு ஒரு நாளும் போனதில்லை. அங்கே எங்கிருந்தோ லாரியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கும் ஆடுகள். இவர் வாங்குவதெல்லாம் அக்கம்பக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவை, மிஞ்சிப்போனால் வல்லம் பக்கத்துக் கொல்லைகளில் மேய்ந்தவை. "இது ரயில்வே கேட்டாண்ட இருக்கற அந்தம்மா வளத்தது, அகத்திக்கீரை தின்ன ஆடு" என்று விலாசம் சொல்லித்தான் கறியை நிறுப்பார். குழாயடியில் நான் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

பெரும்பாலும் கிடாதான் அறுப்பார். பெட்டை ஆட்டைக் கிழடு என்றோ மலடு என்றோ யாராவது ஓட்டிக்கொண்டு வந்தால் அவரிடம் ஒரு முறை உண்டு. வளர்த்தவர் அதன் முதுகில் கை வைத்து, சினை இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகும் அவர் விரலால் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். துளி சந்தேகம் வந்தாலும் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"ஆட்டை அறுக்கறவருக்கு இதெல்லாம் இன்னா ஞாயம்ண்ணா?" என்று நானே ஒரு தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

"எந்தத் தொழிலுக்கும் ஒரு ஞாயம் வாணாவாம்மா? வயித்துல உசுரு இருக்கறத நான் தொட்டதில்ல. இருபது வருசமா அப்படியே ஓட்டிக்கினு வர்றேன்" என்று சிரித்தார்.

என்னிடமும் ஓர் ஆடு இருந்தது. கண்டமங்கலத்திலிருந்து என் அண்ணன் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்த கறுப்பு வெள்ளாடு. இரண்டு வருடமாகியும் குட்டி போடவில்லை. தண்டச்சோறு என்று திட்டிக்கொண்டே கேப்பைக் கூழும் கடலை பறித்த மல்லாட்டைக் கொடியும் போட்டு வளர்த்தேன்.

எண்பத்தி நாலோ ஐந்தோ, என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. ஒரு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அங்கே கிடைத்தது மாடி வீடு. ஆடு கோழி எதுவும் கூடாது என்று வீட்டுக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஆட்டையும் மாடியில ஏத்திக் கட்டப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் தினமும் அரித்தெடுத்தார்.

பால்காரம்மா அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அண்ணனுக்குக் கடுதாசி போட்டேன், பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சாமான் ஏற்ற லாரி வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டை இழுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன்.

"வளக்கறவங்க யாருக்காவது குடுக்கக் கூடாதாம்மா?" என்றார்.

"யாருண்ணா வாங்குவாங்க? மலடு."

"சரி, கை வச்சிச் சொல்லுங்க."

இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் கொல்லைப்புறத்துக் காலிமனையில் எதிர்த்தெருக்காரரின் பெரிய கிடா என் ஆட்டோடு சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். கல்லெடுத்து விரட்டியதும் நான்தான். அதற்குப் பிறகு ஆட்டுக்குத் தீனி கூடியது. வயிறு லேசாக நிரம்பினாற்போலவும் இருந்தது. அந்த வாரம் மட்டும் பத்துத் தடவையாவது அந்த நினைப்பு வந்திருக்கும். இத்தனை நாள் சினை நிற்காதது இப்போதா நிற்கப் போகிறது என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"தெரியலண்ணா" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் வாங்கியிருக்க மாட்டார். கயிறு என் கையிலேயே இருந்திருக்கும். விடிந்தால் லாரி. பசியோ பஞ்சமோ இல்லை, வேறு எந்தக் கட்டாயமும் இல்லை. என் சௌகரியம், அவ்வளவுதான்.

முதுகில் கை வைத்தேன். கதகதப்பாக இருந்தது. எப்போதும் போல என் பக்கம் சாய்ந்து நின்றது.

"சினை இல்லண்ணா. மலடு."

அன்றைக்கு அவர் வயிற்றை அமுக்கிப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னா சரிம்மா" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து பாத்திரங்களை மூட்டை கட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். பீரோவை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கறிக்கடைக்காரர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கடையில் கூட்டம் நெரிகிற நேரம் அது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கெப்படித் தெரியும், நான் என்ன மாட்டு டாக்டரா என்று பதிலை எல்லாம் நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு போனேன்.

"ஒரு தப்பு நடந்துபோச்சும்மா" என்றார். "வயித்துல ரெண்டு இருந்துச்சி."

நான் கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"கறிய விக்கல. மூணையும் கொல்லையில குழி வெட்டிப் பொதச்சிட்டேன். எப்பவும் அமுக்கிப் பாக்கறவன், நேத்து பாக்காம வுட்டுட்டேன். பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாவம், மலடுன்னே நெனச்சிக்கினு இருந்தீங்க. ஊரை வுட்டுப் போற நாள்ல இதச் சொல்லக் கூடாதுதான். ஆனா மறைக்க மனசு வரல. என்ன மன்னிச்சிடுங்கம்மா."

கைகூப்பினார்.

லாரியிலிருந்து என் வீட்டுக்காரர், "இன்னா அங்க? ஜல்தியா வா!" என்று கூப்பிட்டார்.

எனக்குத் தெரியும் அண்ணா, தெரிந்தேதான் கை வைத்துப் பொய் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆடு விற்ற பணம் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எதற்கு என்று கேட்பாரே!

"பரவால்லண்ணா, வுடுங்க. தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். பாவி நான், அவரை மன்னித்து அனுப்பி வைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, அந்தத் தெருவில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவள் விழுப்புரத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது என்னையும் பார்க்க வந்தாள். பேச்சு கறிக்கடைக்குப் போனது.

"இப்பல்லாம் அவரு பெட்டை ஆடே வாங்கறதில்ல. எவ்ளோ தெரிஞ்ச வூடா இருந்தாலும் சரி. என் கை மேலயே எனக்கு நம்பிக்கை போச்சுன்றாரு. ஆனா உங்களப் பத்திச் சொல்லாத ஆள் இல்லக்கா. பெத்த புள்ள மாதிரி வளத்த ஆடு, இருந்தும் அந்தம்மா ஒரு வார்த்தை கோவிக்கலன்னு கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு இருக்காரு."

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். போய் அவரிடம் சொல்லியிருப்பாள். நான் காபியை ஆற்றி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஆமா, நல்ல மனுஷன்" என்றேன்.