சிவப்பு அம்பு ஒட்டிய பக்கங்கள்

மதிய ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்காகத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது ஹாஸ்டல் வார்டன் போன் செய்தார். "உன் லைன்ல வேலை செய்யற பொண்ணோட அப்பா தென்காசிலேர்ந்து வந்துகீறாரு. பொட்டி கட்டுன்னுட்டாரு. எல்லாம் நீ குடுத்த புக்கால வந்த வினை. நீயே வந்து பதில் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்துச் சோதனை மேசை. நான் சேரப்பணஞ்சேரிக்காரி, வீட்டிலிருந்து போய் வருகிறேன். அவள் ஹாஸ்டலில் தங்கி, சம்பாதித்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறாள். ஊருக்குப் போனால் படிப்புக்கும் வேலைக்கும் முழுக்குதான். மாமன் மகன் ஒருவனுக்குக் கட்டிவைக்கத் தயாராக இருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தும் அந்த நாவலை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

எந்த நாவல் என்று சொல்ல மாட்டேன். எழுதியவர் செத்துப் பல காலம் ஆகியும் அவர் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதாநாயகன் ஒரு பண்ணையார் வீட்டுப் பிள்ளை. கட்டில் கட்டிலாகத் தாவுவான். நடுநடுவே கடவுள் உண்டா, கற்பு என்பது யார் கட்டிய கதை, சொத்துக்கும் கல்யாணத்துக்கும் என்ன உறவு என்று பக்கம் பக்கமாகப் பேசுவான். வெறும் குப்பை என்று ஒரு கூட்டம், மகா ஞானி என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் எரிச்சல்தான். அந்த மனுஷனின் தமிழ் ஆளைச் சுண்டி இழுக்கும். சாமி பேரைச் சொல்லி ஊரை ஏய்க்கிறவர்களை அவர் கிழித்த கிழி எனக்கு இன்றும் இனிக்கிறது. ஆனால் சில இடங்களில் பற்றிக்கொண்டு வந்தது. அங்கெல்லாம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தேன்.

எங்கள் மேசையில் அதுதான் வழக்கம். பாகத்தில் கீறலோ குழியோ இருந்தால் அதைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவோம். நல்ல பாகத்தில் எதுவும் ஒட்ட மாட்டோம். கை பழகிப்போய்ப் புத்தகத்திலும் ஒட்டிவிட்டேன். வார்டனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவள் அறையைச் சோதித்தபோது புத்தகம் தலையணைக்கடியில் சிக்கியிருக்கிறது. அம்பு ஒட்டிய பக்கங்களை மட்டும் திறந்து பார்த்து, போட்டோ பிடித்து, ஊருக்கு அனுப்பிவிட்டார் புண்ணியவதி.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பறந்தேன். நல்ல புத்தகம் என்று சொன்னால், இப்படிப்பட்ட சகவாசமே வேண்டாம் என்று அப்பா அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவார். கெட்டது என்று சொன்னால், பிறகு ஏன் கொடுத்தாய் என்பார். வழியெல்லாம் இலக்கியம், தத்துவம் என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வார்டன் அறையில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார் போல, நெற்றி நிறையத் திருநீறு. மகள் சுவரோரம் நின்றிருந்தாள். காலடியில் கட்டிய பை.

"பாருங்க, தேடித் தேடி அசிங்கத்துக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி வச்சிகினு படிக்கிறா" என்று வார்டன் புத்தகத்தை மேசைமேல் போட்டார்.

"அது அவ ஒட்டல. நான் ஒட்டினது."

"அடிப்பாவி! நீயா?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "யம்மா, எனக்கு ரொம்பப் படிப்பு கிடையாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது நல்ல பொஸ்தவமா, கெட்ட பொஸ்தவமா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. மனசில் இருந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"ரெண்டும் கீதுப்பா. இந்த ஆளு பயப்படாம எழுதுவாரு. பெரிய மனுசன்னு சொல்லிக்கினு திரியறவனையெல்லாம் நிக்க வச்சு கேள்வி கேப்பாரு. அது நல்லது. ஆனா ஸ்டிக்கர் ஒட்டுன பக்கமெல்லாம் பழுது. நாங்க நல்ல பீசுக்கு ஸ்டிக்கர் ஒட்ட மாட்டோம்."

"இன்னா பழுது?" வார்டன் மடக்கினார்.

"ஒடம்பு அவங்கவங்களுக்குச் சொந்தம், யாரும் யாருக்கும் அடிமை இல்லன்னு கதாநாயகன் வாய் கிழியப் பேசறான். அடுத்த பக்கத்துல வூட்டு வேலைக்காரப் பொண்ணு கையைப் பிடிக்கிறான். உனக்கு இஷ்டமான்னு ஒரு வார்த்தை கேக்கல. புக்கு முடியறவரைக்கும் அவ வாயே தொறக்கல. எழுதினவருக்கும் அது தப்பாத் தெரியல. சுதந்திரம் சுதந்திரம்னு கத்துனாரே, எல்லாம் ஆம்பளைக்கு மட்டுந்தான். அங்கதான் அம்பு ஒட்டினேன்."

சொல்லி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"அது சரித்தான்" என்றார் அப்பா. "ஆனாலும் வயசுப் புள்ள கையில இது எதுக்கு? கூட்டிட்டுப் போயிருதேன்."

"ரூமை மாத்தி என் கண்ணு முன்னாடியே வச்சிக்கிறேன்" என்றார் வார்டன். தன் ஹாஸ்டலுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற கவலை இப்போதுதான் அவருக்கு வந்தது.

"அதெல்லாம் வாணாம். என் வூட்ல வந்து தங்கட்டும்" என்றேன் நான். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். குரல்கள் ஏறிக்கொண்டே போயின.

"யப்பா" என்றாள் அவள்.

மூன்று பேரும் திரும்பினோம்.

"இவ்வளவு நேரமா என்னையப் பத்தித்தான பேசுதிய? ஒருத்தராச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களுந்தான்க்கா."

சுருக்கென்றது. அந்த எழுத்தாளர்மேல் எனக்கு இருந்த கோபம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"சரி. நீ என்னட்டி சொல்லுத?"

"நான் இன்னும் படிச்சு முடிக்கல. பாதியில பிடுங்கிட்டாவ. முழுசும் படிச்சுட்டு நல்லதா கெட்டதான்னு நானே சொல்லுதேன். பி.ஏ.வும் அப்படித்தான். முடிக்காம வர மாட்டேன்."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அப்பா எழுந்து புத்தகத்தைத் தொடாமல், குனிந்து பையைத் தூக்கினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் அதை மகள் கையில் கொடுத்தார்.

"ரூம்ல வச்சுட்டு வா. வேலைக்கு நேரமாச்சுல்லா?"