தாம்பரத்திலிருந்து லண்டன், பல்லாவரம் சந்தை வழியாக

2006 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை, காலை 10.00. சென்னையிலிருந்து லண்டனுக்கு வான்வழி எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் பத்தரை மணி நேரம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் பன்னிரண்டே கிலோமீட்டர். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது இந்தப் பன்னிரண்டில்தான். மறுநாள் காலை லண்டனில் என் மகள் கீதாவுக்குப் பிரசவ ஆபரேஷன். உள்ளே போகும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று போனில் அழுதிருந்தாள்.

விமானம் இரண்டு மணிக்கு. பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டும். அது ராகு காலம். அதனால் என் வீட்டுக்காரர் பரஸ்தானம் வைத்தார். ராகு காலத்துக்கு முன்பே ஒரு பொருளை அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஊரார் துண்டையோ குடையையோ வைப்பார்கள். இவர் என் கைப்பையையே கொண்டுபோய் வைத்தார். பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் அதற்குள்.

11.00. வாடகைக் காரில் பெட்டியை ஏற்றிவிட்டுப் பார்த்தால், அடுத்த வீட்டு மேரி அக்கா வீட்டில் பூட்டு. செல்போனில் கூப்பிட்டால் பூட்டிய வீட்டுக்குள்ளேயே மணி அடிக்கிறது. வெள்ளிக்கிழமையென்றால் அக்கா பல்லாவரம் சந்தைக்குப் போவார் என்பது தெருவுக்கே தெரியும். பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்த என் வீட்டுக்காரருக்கு அது மட்டும் தெரியவில்லை.

"சும்மா ஒரு துண்டை வெச்சா ராகு ஏமாந்துடுவானா?" என்றார்.

"இப்ப ஏமாந்தது நான்தான்" என்றேன்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "இன்னாக்கா, பிளேனே ஏறல, அதுக்குள்ள பேஜாரா கீதே! வுடு, பல்லாவரம் போற வழிதான்."

11.40. சந்தையில் கால் வைக்க இடமில்லை. பழைய மின்விசிறிகள், புறாக்கூண்டுகள், ரோஜாச் செடிகள் எல்லாவற்றையும் தாண்டி ஓடினோம். கருவாட்டுக் கடையில் அக்கா பேரம் பேசிக்கொண்டிருந்தார். தோளில் என் கைப்பை!

"பிறத்தியார் பொருளாச்சே, பூட்டின வூட்ல வுட்டுட்டு வர மனசு வர்ல. ரெண்டு மணிக்குப் பிளேன்னு உன் வூட்டுக்காரர் சொன்னாரு. ஒரு மணிக்குள்ள வந்துடலாம்னு இருந்தேன்" என்றார்.

திட்டவும் வாய் வரவில்லை, கும்பிடவும் கை எழவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

12.20. விமான நிலையம். காருக்கு 350 ரூபாய், காத்திருந்ததற்கு ஐம்பது. வரிசையில் கடைசி ஆளாக உள்ளே போனேன். பத்தரை மணி நேரம் பறந்து இறங்கினால், லண்டனில் அதே வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிதான்.

சனிக்கிழமை காலை 8.40, ஆஸ்பத்திரி. ஒன்பது மணிக்கு ஆபரேஷன். தாம்பரத்திலிருந்து போன் வந்தது.

"சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். டாக்டர்கிட்ட சொல்லித் தள்ளி வைக்கச் சொல்லு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "இங்க ஒன்பதுன்னா நம்ம ஊர்ல மணி என்ன?" என்றேன்.

"ரெண்டரை."

"அப்ப ராகு போயி நாலு மணி நேரம் ஆச்சே!"

பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அதுவும் சரிதான்" என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் கீதா. சிரித்தபடியேதான் அவள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் என் கையை அவள் விடவில்லை. கதவருகே நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.