தரையில் வைத்த வெற்றிலை

சிவப்புச் சீமெந்துத் தரை. அதில் ஐந்து வெற்றிலை, இரண்டு பாக்கு, வெற்றிலைக்கு அடியில் மடித்து வைத்த புதிய ரூபாய்த் தாள்கள். எங்கிருந்தோ வந்த கோழி ஒன்று பாக்கைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. வெற்றிலைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம், சரியாக மூன்று அடி தள்ளி, கைகட்டி நான் நின்றேன். அதை எடுக்க யாரும் குனியவில்லை. இது நடந்து எட்டு வருடமாகிறது. இன்றைக்கும் யாராவது என் முன்னால் தரையில் எதையாவது வைத்தால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

நான் பிறவியிலேயே பயந்தவன். "இவன் தன்ர நிழலுக்கும் வழி விடுவான்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். அந்தப் பயத்துக்கு மெருகு ஏற்றியது, யாழ்ப்பாணத்தில் நான் பன்னிரண்டு வருடம் பாட்டுப் படித்த வித்துவானின் வீடு. வானொலியிலும் கோயில் மேடைகளிலும் பெயர் எடுத்தவர். அவர் வீட்டுப் படலையைச் சத்தம் கேட்காமல்தான் திறப்பேன். செருப்பைச் சோடி பிரியாமல் வெளியே வைக்கவேண்டும். இரு என்று சொல்லும்வரை இருக்கக்கூடாது. பாடத்தின் நடுவில் மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது. அவரைக் கேளாமல் எந்த மேடையிலும் வாய் திறக்கக்கூடாது. எல்லாவற்றிலும் பெரியது காசு விஷயம். 'எவ்வளவு' என்ற சொல்லே அந்த வீட்டில் கிடையாது. அவர் சொல்லமாட்டார், நாங்கள் கேட்கமாட்டோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வெற்றிலைக்கு அடியில் காசை வைத்து, அதை அவருடைய காலடியில் தரையில் வைத்துவிட்டு, விழுந்து கும்பிட்டு, மூன்று அடி பின்னால் போய்க் கைகட்டி நிற்கவேண்டும். அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். ஒருமுறை புதிதாக வந்த மாணவர் ஒருவர் காசை அவருடைய கைக்கே நீட்டிவிட்டார். "இது கடையில்லைத் தம்பி" என்றார் வித்துவான். அந்த மாணவரைப் பிறகு நாங்கள் காணவில்லை. கையில் கொடுப்பது கடைக்காரருக்கு, காலடியில் வைப்பது குருவுக்கு என்பது அன்றைக்கே என் எலும்பில் ஏறிவிட்டது.

முப்பத்திரண்டு வயதில் சங்கீத ஆசிரியராக நியமனம் கிடைத்தது. மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. முதலில் தகுதிகாண் காலம். அதிபர் நல்லதாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். இரண்டாம் வருடம் அவர் என்னைக் கூப்பிட்டு, மாகாணப் போட்டிக்குப் பிள்ளைகளின் தப்பு மேளக் குழு ஒன்றைத் தயார் செய்யச் சொன்னார். எனக்குத் தப்பு தெரியாதே என்றேன். "சங்கீதத்துக்குன்னு தானே ஒங்கள அனுப்பியிருக்காங்க? தப்பு என்ன, சங்கீதம் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்ட குரலில் என் நிரந்தர நியமனம் ஆட்டம் காண்பது எனக்குத் தெரிந்தது.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தப்பு என்றால் ஒருவர்தான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கொழும்பு மேடைகளில் அடித்தவர், தொலைக்காட்சியிலும் வந்தவர். எல்லோரும் அவரைத் தப்பு மாஸ்டர் என்றார்கள். கோபக்காரர், இலேசில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கமாட்டார் என்றும் சொன்னார்கள். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். அவளிடம் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

"அங்கயா போய் ஒக்காந்து படிக்கப் போறீங்க?" என்று என்னோடு விடுதியில் இருந்த ஆசிரியர் கேட்டார். அந்த 'அங்கயா'வில் எல்லாம் இருந்தது. எங்கள் ஊரிலும் பறை அடிக்க வருபவர்கள் படலைக்கு வெளியேதான் நிற்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யாரிடம் படிக்கப் போகிறேன் என்று அம்மாவுக்கு நான் போனில் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பயம் இருந்தது. அவருக்குச் செய்யவேண்டிய மரியாதையில் குறை வைத்துவிடுவேனோ என்பது ஒன்று. செய்கிற மரியாதையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது மற்றது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கினேன்.

அவருடைய வீடான லயக் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்லும் சிறிய விறாந்தையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். குரு நிற்க நான் கதிரையில் இருப்பதா? தரையில் இருந்தேன். அவர் பதறிப்போய்த் தானும் தரையில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி பாயோடு ஓடிவந்தார். யாருக்கு யார் மரியாதை செய்வது என்று தெரியாமல் மூன்று பேரும் கொஞ்சநேரம் தடுமாறினோம். பிறகு அவர் பழைய தாள்களைக் கொளுத்தி, தப்பின் தோலை அந்தச் சூட்டில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்தார். சத்தம் இறுகி வந்ததும் அவருடைய முகமே மாறிவிட்டது. "மொதல்ல அடிய வாயில சொல்லுங்க சேர். வாய்க்கு வராதது கைக்கு வராது" என்றார். இதையே என் வித்துவானும் வேறு தமிழில் சொல்லியிருக்கிறார். கோபக்காரர் என்றார்களே, நான் ஒரே இடத்தில் இருபது தரம் பிழைவிட்டபோதும் அவர் குரலை உயர்த்தவில்லை. "பயந்துகிட்டே அடிக்காதீங்க சேர், அது கடிக்காது" என்று மட்டும் சொன்னார். பாடம் முடிந்ததும் மனைவி தேத்தண்ணியை எனக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைப்பார். நான் எடுத்துக் குடித்துவிட்டு வருவேன்.

இப்படி நாலு ஞாயிறு போனது. நான் படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். உண்மையில் அவர்களுக்கு என்னைவிட நன்றாக வந்தது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மேட்டில் ஏறித் திரும்பும்போது காசு நினைவு வந்துவிடும். அவர் கேட்கவில்லை. 'எவ்வளவு' என்று கேட்க எனக்கு வாய் வராது. விடுதி ஆசிரியரிடம் யோசனை கேட்டேன். "ஒரு போத்தல் வாங்கிக் குடுங்க, போதும்" என்றார். தப்பு மாஸ்டர் குடிக்காத மனிதர். எனக்கே கூச்சமாக இருந்தது. இல்லை, இவரை நான் குருவாகத்தான் மதிக்கிறேன், அதை ஊரறியக் காட்டாவிட்டாலும் அவராவது அறியவேண்டும் என்று நினைத்தேன். வட்டகொடைக் கடையில் நல்ல வெற்றிலையாகப் பொறுக்கி வாங்கினேன். அடியில் நாலு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மடித்து வைத்தேன்.

ஐந்தாம் ஞாயிறு பாடம் முடிந்ததும் அதை எடுத்து அவருடைய காலடியில் தரையில் வைத்தேன். மூன்று அடி பின்னால் போய்க் கைகட்டி நின்றேன்.

குச்சி அவர் கையில் அப்படியே நின்றுவிட்டது. தேத்தண்ணியோடு வந்த மனைவி வாசற்படியில் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரின் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தைக் கண்டுதான் என்னையும் பயம் பிடித்தது. கோழி வந்து பாக்கைக் கொத்தியது அப்போதுதான்.

"எடுங்க சேர்" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார்.

காசு போதவில்லை என்று நினைத்தேன். எனக்கு வேறென்ன தோன்றும்? சட்டைப்பையிலிருந்த ஆயிரம் ரூபாய்த் தாளையும் எடுத்து, ஓடிப்போய் வெற்றிலைக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, மறுபடியும் மூன்று அடி பின்னால் வந்தேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது. அவர் எழுந்தார். தப்பை ஆணியில் மாட்டினார். உள்ளே போய்விட்டார். "போயிட்டு வாங்க சேர்" என்று மனைவி தரையைப் பார்த்துச் சொன்னார்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறியபோது பின்னால் யாரோ வருவதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. திங்கட்கிழமை மகள் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டதற்கு, "அப்பா வேணாம்னுட்டாங்க சேர்" என்றாள். செவ்வாய்க்கிழமை இன்னும் நாலு பேரைக் காணவில்லை. போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. "என்ன சேர், தப்புச் சத்தமே காணோம்?" என்று அதிபர் கேட்டபோது பிள்ளைகளுக்குத் தடிமன் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். மூவாயிரம் குறைவென்றால் எவ்வளவுதான் சரி என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம், பறித்த தேயிலைக் கொழுந்தை எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில், இடுப்பில் கட்டிய சாக்கோடு அவருடைய மனைவி பாடசாலை வாசலுக்கு வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதி. பிரிக்காமலே அது நான் வைத்த காசு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்கன்னு தோணுச்சு சேர். அதான் வந்தேன்" என்றார். "நாங்க கல்யாணம் கட்டுன புதுசுல ஒரு பெரிய வீட்டு எழவுக்கு அடிக்கப் போனாரு. பொழுது பூரா அடிச்சாரு. முடிஞ்சதும் காசக் கீழ வச்சுட்டுத் தள்ளி நின்னாங்க. கையில குடுத்தா கை பட்டுருமில்ல? குனிஞ்சு பொறுக்கணும். அவுங்க அப்பா, தாத்தா எல்லாம் பொறுக்குனவங்கதான். இவரு பொறுக்கல. வந்து குச்சிய வச்சவரு அஞ்சு வருசம் தொடல. அந்த அஞ்சு வருசம் வீட்டுல பேச்சே இல்ல சேர். இப்ப ஞாயித்துக்கெழமையில இருந்து மறுபடியும் தொடல. எனக்குப் பயமா இருக்கு."

"ஐயோ அக்கா, எங்கட ஊரில குருவுக்கு அப்பிடித்தான் வைக்கிறது. காலடியில வைச்சால் அது மரியாதை" என்றேன்.

"வச்சுட்டு?"

"வைச்சிட்டு விழுந்து கும்பிடுவம்."

அவர் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "இவரு கால்ல விழுந்தீங்களா சேர்?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பன்னிரண்டு வருடம் வரிசை தவறாமல் செய்த சடங்கில் அந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தேன். விட்டது அவர் கேட்கும்வரை எனக்கே தெரியாது. அதிபருக்கும் ஊருக்கும் பயந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அப்போது நான் என்னைக் கண்டே பயந்தேன். மூன்று அடி பின்னால் போன அந்தக் கால் எந்தப் பழக்கத்தில் போனது? வித்துவான் வீட்டுப் பழக்கமா, எங்கள் வீட்டுப் படலைப் பழக்கமா? அவர் பொதியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஐந்து வாரமாக அந்த வீட்டில் யாருடைய கையிலிருந்தும் நான் எதையும் வாங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தேத்தண்ணியை முக்காலியில் வைத்தது, கையில் தந்தால் நான் வாங்கமாட்டேனோ என்ற பயத்தில். அது எனக்கு வசதியாக இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை இல்லாமல் போனேன். அவர் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். கையில் கோடரி. என் நிலைமைக்கு அது வேறு. காலில் விழுந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். விழுந்தால் என் மனம் ஆறும்; அவரும் அவருடைய மனைவியும் மறுபடி பதறுவார்கள். காசை வலது கையில் வைத்து நீட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அது முழு உண்மை இல்லை. "பிழை செய்துபோட்டன் அண்ணை" என்றேன்.

அவர் காசைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். காற்றே இல்லை, ஆனால் தாள்கள் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன. தோள் வலிக்கத் தொடங்கியது.

"கை இப்புடி நடுங்குனா எப்புடி சேர் அடிப்பீங்க?" என்றார்.

கோடரியைக் கீழே வைத்தார். உள்ளங்கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, காசோடு சேர்த்து என் கையைப் பிடித்தார். காய்த்துப்போன கை. பிறகு என் முன்னாலேயே எண்ணினார். "ஒரு நாளைக்கு ஐந்நூறு. அஞ்சு நாளு" என்று சொல்லி, மீதி ஐந்நூறைத் திருப்பி என் கையில் வைத்தார். "இனிமே கேளுங்க சேர். எவ்வளவுன்னு கேக்குறதுல என்ன இருக்கு?" பன்னிரண்டு வருடமாக நான் பயந்த சொல்லை அவர் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்றைக்குத் தேத்தண்ணியை நானே எழுந்து போய் அவருடைய மனைவியின் கையிலிருந்து வாங்கினேன். திங்கட்கிழமை மகள் பயிற்சிக்கு வந்தாள். போட்டியில் இரண்டாம் இடம் கிடைத்தது, அதிபரும் நல்லதாகவே எழுதினார்.

இப்போது நான் ராகலையில் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் வீட்டில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு காலை அவருடைய மகள் வந்து நின்றாள். முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறாளாம், முறையாகப் பாடப் படிக்கவேண்டுமாம். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்தாள். பிறகு, "மாசம் எவ்வளவு சேர்?" என்று கேட்டாள்.

ஒரு கணம் வித்துவானின் குரல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினேன். உனக்குக் காசு வேண்டாம் பிள்ளை என்று சொல்லவும் வாய் வந்தது. அதுவும் அவள் கை என்மேல் படாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு வழியாகத்தான் எனக்குப் பட்டது. தொகையைச் சொன்னேன். அவள் எழுந்து, பையைத் திறந்து, எண்ணி எடுத்தாள்.

"அப்பா கையிலயே குடுக்கச் சொன்னாங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டு சொன்னாரா, சிரிக்காமல் சொன்னாரா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் தரை வெறுமையாக இருந்தது. அவள் நீட்டிய கை நடுங்கவில்லை. நான் உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.